கறுப்பு பீரோவைத் தேடி வரும் கவர்னர் ஜெனரல்

கொல்கத்தாவில் பேய்களுக்கும் குலப்பிரிவு உண்டு. மீன் வாசனைக்கு மயங்கி ஆள் பின்னாலேயே வருவது மேச்சோ பூத். வில்வ மரத்தில் குடியிருக்கும் பிராமணப் பேய் பிரம்மதைத்தியன்; மற்றவற்றோடு ஒப்பிட்டால் கண்ணியமானவன். சங்கு வளையல் போட்டு வாழும் ஆசை தீராத பெண்பேய் சாக்சுன்னி. இவை குளக்கரையிலும் மூங்கில் புதரிலும் திரிபவை. பங்களாவை விட்டு இறங்காத இனம் ஒன்று தனியாக இருக்கிறது: சாஹேப் பூத், அதாவது வெள்ளைக்காரப் பேய். அந்த இனத்தில் மூத்தவர் வாரன் ஹேஸ்டிங்ஸ், வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரல்.

அவர் வருவதாகச் சொல்லப்படும் இடம் அலிப்பூரில் ஜட்ஜஸ் கோர்ட் சாலையில் இருக்கும் ஹேஸ்டிங்ஸ் ஹவுஸ். 1770களில் அவர் தமக்காகக் கட்டிக்கொண்ட தோட்ட வீடு. இரவு முற்றியதும் நான்கு குதிரைகள் பூட்டிய வண்டி வாசல்வரை வரும் சத்தம் கேட்கும். முகப்பில் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கி, யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் படியேறி, அறை அறையாகப் போய் எதையோ தேடுவார். பிறகு ஓய்ந்துவிடும். மறுபடி ஒரு நாள் வருவார். தேடுவது ஒரு பீரோவை என்கிறது கதை. கறுப்பு மரத்தில் செய்த பழைய பீரோ.

பீரோ என்றதும் நம் வீட்டு மூலையில் கண்ணாடி பதித்து நிற்கும் இரும்பு அலமாரி நினைவுக்கு வந்தால் குற்றமில்லை. சொல் அங்கிருந்துதான் நமக்கு வந்தது. ஆனால் 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயனின் பீரோ என்பது இழுப்பறைகள் வைத்த எழுதுமேசை. சாய்ந்த பலகையைத் திறந்தால் எழுதலாம், மூடினால் பூட்டலாம். கடிதமும் கணக்கும் கைவிட மனமில்லாத சில்லறைப் பொருள்களும் அதற்குள்தான் கிடக்கும்.

பேய்க் கதைகளை ஆராயப் போகிறவனுக்கு வழக்கமாகக் கையில் எதுவும் அகப்படாது. பெயரில்லாத வேலைக்காரி, ஆண்டு தெரியாத கொலை, "எங்கள் தாத்தா சொன்னார்" என்ற சாட்சி, அவ்வளவுதான். இந்தக் கதை அப்படியல்ல. பேய் தேடும் பொருள் உண்மையாகவே இருந்தது, உண்மையாகவே தொலைந்தது. தொலைந்ததற்கு அச்சில் சாட்சியும் இருக்கிறது. அதனாலேயே இதை எடுத்துக்கொண்டேன்.

கெஜட்டில் வந்த விளம்பரம்

1787 செப்டம்பரில் கல்கத்தா கெஜட் என்ற பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. அதன் சாரம் இது: வாரன் ஹேஸ்டிங்ஸுக்குச் சொந்தமான, கறுப்பு மரத்தாலான பழைய பீரோ ஒன்று, அவர் வங்காளத்தை விட்டுப் புறப்பட்ட சமயத்தில், நகரின் நடுவே எஸ்பிளனேடில் இருந்த அவருடைய வீட்டிலிருந்து திருடுபோயிருக்க வேண்டும், இல்லையென்றால் அவருடைய பொருள்களை ஏலம் விட்டபோது தவறுதலாக விற்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குள் இரண்டு சிறு ஓவியங்களும் சில சொந்தக் காகிதங்களும் இருந்தன. உள்ளே இருந்தவற்றை மீட்க உதவும் தகவல் தருபவருக்கு லார்கின்ஸ், தாம்சன் ஆகிய இருவரும் 2,000 சிக்கா ரூபாய் (அன்றைய வங்காள வெள்ளி நாணயம்) தருவார்கள்.

லார்கின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கர். ஹேஸ்டிங்ஸின் பணவிவகாரங்களை நெருக்கமாக அறிந்தவர். தாம்சன் அவருடைய அந்தரங்கச் செயலாளராக இருந்தவர். ஊரைவிட்டுப் போனவரின் கையும் கண்ணுமாக இங்கே இருந்தவர்கள் இவர்கள்.

இப்போது விளம்பரத்தை ஒரு போலீஸ்காரனின் கண்ணோடு படிக்க வேண்டும். முதலில் கண்ணில் படுவது இடம். பீரோ தொலைந்தது எஸ்பிளனேடு வீட்டில். பேய் தேடுவதோ அலிப்பூர் வீட்டில். இரண்டுக்கும் நடுவே மைதானம் முழுவதும் கிடக்கிறது, டாலி கால்வாயும் ஓடுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மனிதர், தாம் தொலைத்த பொருளைத் தொலைக்காத வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நம்ப வேண்டும். தம் பெயரில் வந்த விளம்பரத்தையே அவர் படிக்கவில்லை போலும்.

அடுத்தது பணம். அலிப்பூரிலேயே தமக்கிருந்த பெல்வெடேர் மாளிகையை ஹேஸ்டிங்ஸ் 1780இல் மேஜர் டாலிக்கு விற்றார். விலை 60,000 ரூபாய். கால்வாய்க்கும் டாலிகஞ்சுக்கும் பெயர் கொடுத்தவர் அந்த டாலிதான். மாளிகை விலையில் முப்பதில் ஒரு பங்கை ஒரு பழைய மரச்சாமானைப் பற்றிய துப்புக்குக் கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். அதிலும் விளம்பரம் கேட்பது பீரோவை அல்ல, உள்ளே இருந்ததை. மரம் போனால் போகட்டும்.

மூன்றாவது, எழுதியவர்களின் தடுமாற்றம். திருட்டா, தவறான ஏலமா என்று அவர்களுக்கே தெரியவில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நடந்திருக்கும். 1785 பிப்ரவரியில் ஹேஸ்டிங்ஸ் கப்பலேறினார். மனைவி மரியான் ஓராண்டு முன்பே, 1784 ஜனவரியில், உடல்நலம் கெட்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். வீட்டுப் பெண் இல்லாத வீட்டை, அரசு வேலையை முடித்துக் கொடுத்துக்கொண்டே காலி செய்த மனிதர். வீடு மாற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரேஷன் அட்டை வைத்த டிரங்குப் பெட்டிதான் சரியாகப் பழைய சாமான்காரனிடம் போய்ச் சேரும்.

அலிப்பூர் நிலபுலனும் அந்த 1785இலேயே மூன்று பிரிவாக ஏலத்துக்கு வந்தது. அந்த அறிவிப்பில் வீட்டை வர்ணிக்கும்போது, எல்லாம் சென்னைச் சுண்ணாம்பால் பூசி முடிக்கப்பட்டது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கடற்சிப்பியைச் சுட்டு அரைத்து, முட்டை வெள்ளைக்கரு போன்றவற்றைச் சேர்த்து, சலவைக்கல் போலப் பளபளக்கும்வரை கையால் தேய்த்து எடுக்கும் பூச்சு அது. நம் பழைய வீடுகளில் கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்குமே, அதே சுவர். கல்கத்தாவில் அதுவே உயர்தரம். ஹேஸ்டிங்ஸ் சென்னையிலிருந்து எடுத்துப்போனது சுண்ணாம்பு ரசனையை மட்டும் அல்ல.

அந்த இரண்டு சிறு ஓவியங்கள்

1769இல் ஹேஸ்டிங்ஸ் இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்தார், கம்பெனியின் ஆட்சிக்குழுவான கவுன்சிலில் இரண்டாம் இடத்துப் பதவிக்கு. டியூக் ஆஃப் கிராஃப்டன் என்ற அந்தக் கப்பலில் ஜெர்மானியப் பிரபு இம்ஹாஃபும் அவர் மனைவி மரியானும் வந்தார்கள். நடுக்கடலில் ஹேஸ்டிங்ஸ் காய்ச்சலில் விழ, மரியான் அருகிருந்து பார்த்துக்கொண்டார். மீதியை ஊகிக்கலாம். சென்னையில் இறங்கியபின் பழக்கம் நீடித்தது. இம்ஹாஃப் பெயருக்குக் கம்பெனிப் படையில் சேர வந்தவர். பிழைப்பு நடத்தியது உள்ளங்கையளவு உருவப்படங்கள் வரைந்து. சென்னைக் கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்களும் அவர்கள் மனைவிமாரும் அவர் முன் உட்கார்ந்தார்கள். பிறகு கல்கத்தாவில் வாடிக்கை தேடி அவர் முன்னால் போக, மரியான் சில காலம் சென்னையிலேயே தங்கினார். 1773இல் இம்ஹாஃப் ஐரோப்பா திரும்பினார். மணமுறிவு அங்கே முடிந்து, காகிதம் வந்து சேர்ந்தபின், 1777 ஆகஸ்டில் ஹேஸ்டிங்ஸும் மரியானும் கல்கத்தாவில் திருமணம் செய்துகொண்டார்கள்.

பீரோவில் இருந்த இரண்டு சிறு ஓவியங்களும் யாருடைய உருவங்கள், யார் கை வேலை என்று விளம்பரம் சொல்லவில்லை. முதல் கணவன் வரைந்த மனைவியின் படத்தை இரண்டாம் கணவன் பூட்டி வைத்திருந்தான் என்று எழுதினால் கதை நன்றாகத்தான் இருக்கும். சான்று இல்லாததால் அந்த ஆசையை இங்கேயே விட்டுவிடுகிறேன். மனைவியைப் பிரிந்து ஓராண்டு தனியே இருந்த மனிதர், ஓவியன் வீட்டுப் பெண்ணை மணந்தவர், இரண்டு படங்களை மேசைக்குள் பத்திரப்படுத்தியிருந்தார் என்பதுவரை மட்டும் வைத்துக்கொள்வோம்.

ஆனால் கதை சொல்பவர்கள் படங்களைக் கண்டுகொள்வதே இல்லை. அவர்களுக்கு வேண்டியது காகிதங்கள். "தாம் குற்றமற்றவர் என்று நிரூபிக்கும் ஆவணங்கள் அதில் இருந்தன, அவை கிடைக்காததால் பார்லிமெண்டில் அவமானப்பட்டார், அதனால் ஆவி அலைகிறது." கொல்கத்தாவில் இதைச் சொல்பவர் யாரைக் கேட்டாலும் இந்தக் காரணம் கட்டாயம் வரும்.

இதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வங்காள ஆட்சியில் முறைகேடு செய்தார் என்று பார்லிமெண்ட் ஹேஸ்டிங்ஸ் மீது நடத்திய விசாரணை 1788 பிப்ரவரி 13 அன்று லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் தொடங்கியது. குற்றம் சாட்டிய தரப்பில் எட்மண்ட் பர்க் நாள்கணக்கில் பேசினார். ஏழு ஆண்டுகள் இழுத்து 1795 ஏப்ரல் 23 அன்று விடுதலைத் தீர்ப்பு வந்தது. வழக்குச் செலவு 70,000 பவுனைத் தாண்டியது. விளம்பரம் வந்தது விசாரணைக்கு ஐந்து மாதம் முன்பு. பார்த்தால் பொருந்துகிறது. ஆனால் அந்தக் காலத்தில் லண்டன் கடிதம் கல்கத்தா வந்து சேரக் கப்பலில் ஐந்தாறு மாதம் ஆகும். செப்டம்பரில் அச்சான அறிவிப்புக்குக் கட்டளை அங்கிருந்து கிளம்பியிருக்க வேண்டியது அந்த ஆண்டின் தொடக்கத்தில், அல்லது அதற்கும் முன்பு. கண்டன விசாரணை நடத்துவதென்று பார்லிமெண்டின் கீழவை முடிவெடுத்ததே 1787 மே மாதத்தில்தான். இன்னொன்று: பீரோ என்ன ஆயிற்று என்று தாம்சனிடம் ஹேஸ்டிங்ஸ் தொடர்ந்து கடிதத்தில் புலம்பிக்கொண்டுதான் இருந்தார். வழக்கு வந்ததால் பீரோ நினைவுக்கு வரவில்லை. ஊர்போய்ச் சேர்ந்ததிலிருந்தே அது அவர் மனத்தை அரித்தது.

வழக்கை வென்றுவிட்டார் என்பதையும் கதை மறந்துவிடுகிறது. பீரோ இல்லாமலே வென்றார். கம்பெனி ஆண்டுக்கு 4,000 பவுன் ஓய்வூதியம் கொடுத்தது. குடும்பம் ஒரு காலத்தில் இழந்திருந்த டெய்ல்ஸ்ஃபோர்டு என்ற பூர்வீகச் சொத்தை மீட்டு, அங்கே வீடு கட்டி, 1818இல் 85 வயதில் படுக்கையில் இறந்தார். அகால மரணமும் இல்லை, ஆற்றாமைச் சாவும் இல்லை. நம்மூர்க் கணக்குப்படி பேயாவதற்குத் தேவையான தகுதி ஒன்றுகூட அவருக்குக் கிடையாது.

தகுதி இருந்தவர்கள்

தகுதி யாருக்கு இருந்தது என்றால் நந்தகுமாருக்கு. வங்காளத்தின் பெரிய மனிதர், வரி நிர்வாகத்தில் ஊறியவர். 1775 மார்ச்சில் ஹேஸ்டிங்ஸ் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் லஞ்சம் வாங்கினார் என்று கவுன்சிலில் எழுத்துமூலம் குற்றம் சாட்டினார். மே மாதம் அவரே கைதானார், பழைய கள்ளப்பத்திரக் குற்றச்சாட்டு ஒன்றில். ஜூனில் தலைமை நீதிபதி எலிஜா இம்பே முன்னிலையில் விசாரணை. இம்பே ஹேஸ்டிங்ஸின் பள்ளித்தோழர். ஆகஸ்ட் 5 அன்று தூக்கு. இங்கிலாந்துச் சட்டத்தில் இருந்த தண்டனை வங்காளத்து பிராமணர் கழுத்தில் விழுந்தது. பார்க்கக் கூடியிருந்த ஜனம் அலறிக்கொண்டு ஆற்றில் இறங்கித் தீட்டுக் கழித்ததாகச் சொல்வார்கள்.

கொலைக்களத்தில் அநியாயமாகச் செத்தவனை நாம் சும்மா விடுவதில்லை. மதுரைவீரனும் காத்தவராயனும் அப்படித்தான் சாமியானார்கள். பீடம் போட்டுப் படையல் வைத்துப் பாட்டும் கட்டினோம். வங்காள நாட்டார் மரபுக்கும் இது தெரியாததல்ல. ஆனால் அலிப்பூர் மாளிகைகளில் நடமாடுவது தூக்கில் தொங்கியவர் அல்ல, மேசை தொலைத்தவர். இந்தக் கதை எந்த வராந்தாவில் பிறந்தது என்பதற்கு எனக்கு இதுவே போதுமான சான்று. குதிரை வண்டி, முகப்புப் படி, தொலைந்த மரச்சாமான்: மொத்தமும் ஆங்கிலேய வீட்டுக் கதையின் சாமான்கள். இரவு விருந்துக்குப் பின் மதுக்கோப்பையோடு சொல்லப்பட்டது வேலைக்காரர்கள் காதில் விழுந்து ஊருக்குள் வந்திருக்கிறது. கெஜட்டில் விளம்பரம் போட முடிந்தவருடைய இழப்பு கதையாக நிலைத்தது.

இன்னொரு இரத்தமும் அலிப்பூரில் சிந்தியது. கவுன்சில் உறுப்பினர் பிலிப் பிரான்சிஸும் ஹேஸ்டிங்ஸும் ஆறு ஆண்டுகள் மாறி மாறிக் கறுவிக்கொண்டார்கள். பிரான்சிஸ் உண்மையும் மானமும் அற்றவர் என்று ஹேஸ்டிங்ஸ் அலுவல் குறிப்பிலேயே எழுதிவைக்க, 1780 ஆகஸ்ட் 17 விடியற்காலையில் பெல்வெடேருக்கு அருகே மரத்தடியில் இருவரும் துப்பாக்கியோடு நின்றார்கள். இடைவெளி 14 தப்படி. இருவருக்கும் அந்த வேலை பழக்கமில்லை. பிரான்சிஸின் மருந்து ஈரமாகியிருந்ததால் முதலில் வெடிக்கவில்லை. நாகரிகமாகக் காத்திருந்து, வேறு மருந்து கொடுத்து, மறுபடி குறிவைத்தார்கள். பிரான்சிஸின் குண்டு தவறியது. ஹேஸ்டிங்ஸின் குண்டு பிரான்சிஸின் வலது விலாப்பக்கம் தைத்தது. பக்கத்திலேயே இருந்த பெல்வெடேருக்குத்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டு லண்டன் போய், பர்க்கின் காதில் ஓதி, அந்த ஏழாண்டு வழக்குக்கு எண்ணெய் ஊற்றியவர் இவர்தான். வானிலை ஆய்வு மையம் இருக்கும் தெருவுக்கு இன்றும் டியூவல் அவென்யூ என்றே பெயர். அந்தத் துப்பாக்கிச் சத்தம் விடியற்காலையில் கேட்கும் என்பவர்களும் உண்டு.

இங்கேதான் இரு மாளிகைகளின் கதைகளும் பின்னிக்கொள்கின்றன. ஹேஸ்டிங்ஸ் ஹவுஸும் பெல்வெடேரும் அலிப்பூரின் அண்டை வீடுகள். இரண்டும் ஹேஸ்டிங்ஸ் கையில் இருந்தவை. பீரோ தேடும் ஆவி பெல்வெடேரில் புத்தாண்டு இரவு விருந்துக்கு வரும் என்று ஒரு கட்சி. ஹேஸ்டிங்ஸ் ஹவுஸுக்கு எந்த இரவிலும் வரும் என்று ஒரு கட்சி. ஆனால் பெல்வெடேரை அவர் 1780இலேயே விற்றுவிட்டார். ஐந்து ஆண்டு கழித்துத் தொலைந்த பொருளை அங்கே தேடுவது அலிப்பூர் வீட்டில் தேடுவதைவிட இன்னும் பெரிய தப்பு.

பக்கத்து வீட்டுப் பேய்

பெல்வெடேர் இப்போது தேசிய நூலகம். 1854 முதல் வங்காள லெப்டினன்ட் கவர்னர்களின் இல்லமாக இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் நூலகத்துக்குக் கிடைத்து, 1953 பிப்ரவரி 1 அன்று மௌலானா ஆசாத் திறந்துவைத்தார். அப்போது நூலகர் பி. எஸ். கேசவன். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி அங்கே போக வேண்டும். சென்னை கன்னிமாராவுக்குப் போவதுபோலவே. ஆகவே நம் கவிதைத் தொகுப்புகளும் சமையல் குறிப்புகளும் அந்தப் பேய் வீட்டு நூலகத்தில்தான் உறங்குகின்றன.

அங்கே உலாவுவதாகச் சொல்லப்படுவது லேடி மெட்காஃப். ஒழுங்கில் கண்டிப்பான சீமாட்டி. எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் பின்கழுத்தில் மூச்சுக்காற்று படும். இந்த அம்மாளை விசாரிக்கப் போனால் முதல் படியிலேயே வழுக்குகிறது. கல்கத்தாவில் நினைவுமண்டபம் பெற்ற மெட்காஃப், 1835இல் பத்திரிகைகளுக்கு விதித்த கட்டுப்பாட்டை நீக்கிய சார்ல்ஸ் மெட்காஃப். அவர் சட்டப்படி திருமணமே செய்துகொள்ளாமல் 1846இல் இறந்தவர். இந்தியப் பெண் ஒருவரோடு வாழ்ந்து மூன்று மகன்களைப் பெற்றவர். அந்தப் பெண்ணுக்கு லேடி பட்டம் யாரும் கொடுக்கவில்லை. மனைவியோடு வாழ்ந்த மெட்காஃப்கள் குடும்பத்தில் இருந்தார்கள்தான், ஆனால் அவர்கள் கதை டெல்லிப் பக்கம்.

பின் பெயர் எப்படி வந்தது? பெயர் நூல்களோடு வந்தது என்பது என் முடிவு. வைஸ்ராய் கர்சன் 1903 ஜனவரி 30 அன்று இம்பீரியல் நூலகத்தைத் திறந்தது ஹூக்ளிக் கரையில் இருக்கும் மெட்காஃப் ஹாலில். 1923இல் அங்கிருந்து எஸ்பிளனேடுக்கு, போர்க்காலத்தில் வேறு கட்டடத்துக்கு, கடைசியில் பெல்வெடேருக்கு என்று நூல்கள் வண்டி வண்டியாக இடம் மாறின. "மெட்காஃப்" என்ற சொல் நூலக ஊழியர்களின் வாயில் பல காலம் புழங்கிய சொல். புது வீட்டுக்கு வந்தபின் அதற்குப் பொருள் போய், உருவம் மட்டும் தங்கிவிட்டது. தூசி தட்டும் வேலையில் புதுப் பையன் அசட்டையாக இருந்தால் பயமுறுத்த ஒரு கண்டிப்பான துரைசாணி தேவைப்பட்டிருப்பாள். அங்கே பெரும்பாலான நூல்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் ஊழியர் எடுத்துவந்து தருபவை. வாசகன் அலமாரியைத் தொடுவதே குறைவு. புத்தகத்தை இடம் மாற்றி வைக்கக்கூடியவர்கள் ஊழியர்கள்தான். அவள் யாருக்காக உண்டாக்கப்பட்டாள் என்பது அதிலேயே தெரிகிறது.

இதே கட்டடத்தில் ஒரு வதந்தி நம் கண்முன்னே பிறந்து வளர்ந்ததையும் பார்த்தோம். பக்கத்திலேயே பாஷா பவன் என்ற புதுக் கட்டடம் எழுந்து நூல்கள் அங்கே போனபின், பழைய மாளிகையைத் தொல்லியல் துறை சீரமைக்கத் தொடங்கியது. 2010இல் தரைத்தளத்தில் கதவோ சன்னலோ மேலிருந்து இறங்கும் வழியோ இல்லாத ஓர் அடைப்பு அகப்பட்டது. ஏறக்குறைய 1,000 சதுர அடி. ஒரு பக்கம் வளைவு ஒன்றைச் சுவர் எழுப்பி அடைத்திருந்தார்கள். நாளேடுகளுக்கு நல்ல தீனி. ஹேஸ்டிங்ஸின் புதையல் என்றார்கள். வெள்ளைக்காரன் ஆட்களை உள்ளே வைத்துச் சுவர் எழுப்பிய சித்திரவதை அறை என்றார்கள். சீரமைப்பில் பன்னிரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று, நாளும் பெயரும் இல்லாமல், இன்னொரு பேச்சு கூடவே ஓடியது. பாரம்பரியச் சுவர் என்பதால் உடைக்கத் தயங்கினார்கள். அந்தத் தயக்கமும் மர்மக் கணக்கில் சேர்ந்தது.

2011இல் துளையிட்டுப் பார்த்தார்கள். உள்ளே அறையே இல்லை, மண் இருந்தது. அடித்தளம் உறுதியாக நிற்பதற்காக முழுவதும் மண்ணைக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். சதுப்பு நிலத்தில் கட்டப்பட்ட கல்கத்தாவில், கனமான மாளிகையைத் தாங்க அந்தக் கொத்தனார்கள் செய்த அறிவான காரியம்.

மண் என்று செய்தி வந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. ரகசிய அறை என்று வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கொல்கத்தாவின் பேய் இடங்கள் பட்டியலில் இன்றும் அந்த அறை பூட்டியபடியே இருக்கிறது. எங்கே பிறந்தது, யார் கைக்கு மாறியது, எந்த உண்மை வழியில் உதிர்ந்தது என்று நாள் குறித்துச் சொல்லக்கூடிய வதந்தி நமக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. பீரோக் கதை இருநூறு ஆண்டில் செய்ததை இந்த அறை ஒரே ஆண்டில் செய்து காட்டியது.

வீடு எப்படி மாறியது

மறுபடி ஹேஸ்டிங்ஸ் ஹவுஸுக்கு. எஸ்பிளனேடு வீட்டுக்கு ஹேஸ்டிங்ஸ் பெயர் நிலைக்கவில்லை. வணிகமும் அலுவலகங்களும் நெருக்கிய இடம் அது. அலிப்பூர் வீடு பெயரோடு நின்றது, தோட்டத்தோடு நின்றது, பல காலம் ஆளில்லாமலும் நின்றது. கர்சன் வைஸ்ராயாக இருந்த காலத்தில் அதை அரசுக்கு எடுத்துப் பழுதுபார்த்து, கல்கத்தா வரும் சமஸ்தான மன்னர்கள் தங்கும் விருந்தினர் மாளிகையாக்கினார். ஹேஸ்டிங்ஸ் மேல் கர்சனுக்குப் பக்தியே இருந்தது. விருந்தினர் மாளிகை என்றால் ஒவ்வொரு வாரமும் புது ஆள், புது மெத்தை, தூக்கம் வராத இரவு. வீட்டின் கதை என்ன என்று கேட்பார்கள், சேவகன் சொல்வான். எஸ்பிளனேடில் தொலைந்த பீரோ, சொல்ல ஆளும் கேட்க ஆளும் இருந்த அலிப்பூருக்குக் குடிபெயர்ந்தது இப்படித்தான் என்று கருதுகிறேன். பேய், பொருள் தொலைந்த இடத்துக்கு வருவதில்லை. பெயர்ப்பலகை இருக்கும் இடத்துக்கு வருகிறது.

குதிரைச் சத்தத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நீண்ட பாதை, வெறும் கூடம், உயர்ந்த கூரை, சுண்ணாம்புச் சுவர். தெருவில் போகும் எந்தச் சத்தமும் உள்ளே வந்து பெரிதாகும். அந்தக் காலத்தில் அலிப்பூர் இரவில் ஓடியதும் குதிரை வண்டிதான்.

இன்று அந்த வளாகத்தில் பெண்களுக்கான கல்வியியல் கல்லூரி இயங்குகிறது. மாணவிகள் பகலில் குறிப்பெடுக்கிறார்கள். சாயங்காலம் கதவு சாத்தப்படுகிறது. மைதானத்தில் மார்பில் பந்து பட்டு இறந்த சிறுவன் ஒருவன் இப்போதும் விளையாட வருகிறான் என்று அங்கே புதிய கதை ஒன்றும் உண்டு. அவன் யார், எந்த ஆண்டு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அவனுக்காகக் கெஜட்டில் விளம்பரம் கொடுக்க லார்கின்ஸும் இல்லை, தாம்சனும் இல்லை.

பீரோ கிடைக்கவில்லை. 2,000 ரூபாயைக் கேட்டு யாரும் வந்ததாகத் தெரியவில்லை. ஏலத்தில்தான் போயிருக்கும் என்ற என் கணிப்பு சரியென்றால், 1785இல் ஒரு காலை நேரத்தில், பட்டப்பகலில், கவர்னர் ஜெனரல் வீட்டுச் சாமான் என்ற ஆசைக்கு யாரோ ஒருவர் சில ரூபாய் கொடுத்து அதைக் கூலியாள் தலையில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார். வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்திருப்பார். இரண்டு படங்களில் சட்டம் வெள்ளியா என்று கடித்துப் பார்த்திருப்பார். காகிதங்கள் மளிகைக்கடைக்குப் போய், மசாலாவும் பருப்பும் மடித்து, வாரத்துக்குள் தீர்ந்திருக்கும்.